கூப்பிட்டால் வருகிறவனின் பெயர்

2008ஆம் ஆண்டு. ப்ளஸ் ஒன் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளி. வாராவாரம் பெட்டிச் சோதனை நடக்கும். செல்போனும் சிகரெட்டும் தேடி வந்த வார்டன் கையில், என் பெட்டியின் அடியிலிருந்து பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' அகப்பட்டது. ஒரு நாவலுக்கு என்ன தண்டனை என்று அவருக்குத் தெரியவில்லை. நின்றபடியே புரட்டினார். "இதுல நம்மூருப் பேச்சால்ல இருக்குது" என்றவர், எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாள் கழித்து இரவுப் படிப்பு நேரத்தில் வந்து மேசைமேல் வைத்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இவரு வேற என்னென்ன எழுதியிருக்காரு?"

எனக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவன் பெரியம்மா பையன். ப்ளஸ் டூவில் மார்க் போதாமல் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தவன். சொந்தபந்தத்தில் அவன் பெயரை எடுத்தாலே பேச்சு சற்று நின்று பிறகு தொடரும். ஆயிரத்து நூறுக்கு மேல் வாங்கி இன்ஜினியரிங்கோ டாக்டருக்கோ போகவேண்டிய வரிசையில் நான் இருந்தேன். வரிசையிலிருந்து விழுந்தவன் அவன். விழுந்தவனிடம் நாவல் இருந்தது.

பதின்பருவத்தில் படிக்கும் நாவல் ஒரு பிள்ளைக்கு என்ன கற்றுத்தருகிறது என்ற கேள்விக்கு உலகெங்கும் நிறைய விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியை வைத்து அதற்கு விடை தேடினால் ஒரு விநோதம் தட்டுப்படுகிறது. தமிழில் பதின்பருவத்தைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த நாவல்களில் சில இந்த மேட்டுக்காட்டில்தான் விளைந்தன. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை நாவல் பக்கம் திரும்பவிடாமல் வைத்திருப்பதில் பேர்பெற்ற பள்ளிகளும் இதே மண்ணில்தான் முளைத்தன.

அமெரிக்காவில் இந்த வயதுக்கென்று தனி அலமாரி உண்டு. அங்குள்ள நூலகச் சங்கம் இளையோர் சேவைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது 1957இல். பத்து ஆண்டு கழித்து, 1967இல், எஸ். இ. ஹின்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' வெளிவந்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15, புத்தகம் வந்தபோது 18. தன் பள்ளியில் கண்ட கோஷ்டிச் சண்டைகளை அந்த வயதின் கண்ணாலேயே அவர் எழுதினார். அதன்பின் இளையோர் இலக்கியம் பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது.

நம்மிடம் அந்த அலமாரி வரவில்லை. வயதைப் பிரிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம்: பேதையிலிருந்து பேரிளம்பெண் வரை பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தவர்கள். பதினான்கு முதல் பத்தொன்பது வரை மடந்தை. உலா நூல்களில் அந்த மடந்தைக்கு இருக்கும் ஒரே வேலை, வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு உருகுவது. ஆண்பிள்ளைக்கு 'விடலை' என்ற அழகான சொல் இருந்தது. இன்று அது வசவுக்குப் பயன்படுகிறது.

ஆகவே தமிழ்ப் பிள்ளை ஒரே தாவாகத் தாவியது. அம்புலிமாமா, ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ்; அடுத்த படியில் 'பொன்னியின் செல்வன்' அல்லது பேருந்து நிலையக் கடையில் தொங்கும் ராஜேஷ்குமார். இடையில் இருந்தது வெற்றிடம். அந்த வெற்றிடத்தை அரசும் கவனித்ததாகத் தெரியவில்லை. பள்ளிக் கல்வித் துறை 2022இல் தொடங்கிய சிறார் இதழ்களில் 'ஊஞ்சல்' நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு. 'தேன்சிட்டு' ஆறு முதல் ஒன்பது வரை. ஒன்பதோடு நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வருகிறது, தேன்சிட்டு பறந்துவிடுகிறது.

அந்த வெற்றிடத்துக்குள் யாரும் திட்டமிடாமல் வந்து நின்றவை பெருமாள்முருகனின் முதல் மூன்று நாவல்கள்: 'ஏறுவெயில்' (1991), 'நிழல்முற்றம்' (1993), 'கூளமாதாரி' (2000). 1966இல் திருச்செங்கோட்டை அடுத்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 'ஏறுவெயில்' வரும்போது வயது 25. எந்த நாவலையும் இளையோருக்கென்று அவர் எழுதவில்லை, பதிப்பாளரும் அப்படி விற்கவில்லை. ஆனால் மூன்றிலும் நடுவில் நிற்பவர்கள் மீசை அரும்பும் வயதுக்காரர்கள், அல்லது அதற்கும் சின்னவர்கள். இந்த வயதை இப்படி மையத்தில் வைத்த வேறு நாவல் தமிழில் இல்லாமலில்லை. பூமணியின் 'வெக்கை' (1982) பதினைந்து வயதுப் பையனின் கையில் அரிவாளோடு தொடங்குகிறது. அது கரிசல் காடு. ஓட்டம், தலைமறைவு, வேகம். பெருமாள்முருகனின் பிள்ளைகள் எங்கும் ஓடுவதில்லை. ஆட்டுக்குப் பின்னால் மெல்ல நடக்கிறார்கள்.

'கூளமாதாரி'யில் வரும் கூளையன் பண்ணையத்தில் விடப்பட்ட அருந்ததியர் வீட்டுப் பையன். கவுண்டர் காட்டில் ஆடு மேய்க்கிறான். அவனைப் போலவே பக்கத்துக் காடுகளில் மேய்க்கும் மற்றப் பிள்ளைகள் நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி. பனைமரம், ஓடை, கிணறு, மழைக்குக் காத்திருக்கும் நிலம், விளையாட்டு, பசி. நாவலின் முக்கால் பாகம் இதுதான். கவுண்டர் வீட்டுப் பையனும் அவர்களோடு விளையாடுகிறான். அவன் பள்ளிக்கூடம் போகிறவன், நினைத்தபோது விளையாட வருகிறவன், நினைத்தபோது முதலாளி ஆகிறவன். கதை முடியும் இடம் ஒரு கிணறு. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இந்தப் பெயர்களைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். குள்ளம், நெட்டை, வயிறு, கால், காது. உடம்பில் கண்ணுக்குப் பட்டது எதுவோ அதுவே பெயர். விடுதியின் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு படித்த எனக்கு முதலில் இது சிரிப்பாகத்தான் இருந்தது. பாதி நாவலைத் தாண்டியபோது எங்கள் காட்டில் ஆடு மேய்த்த பையன் ஞாபகத்துக்கு வந்தான். என் வயதுதான் இருக்கும். அவனையும் ஒரு பட்டப்பெயரால்தான் கூப்பிட்டோம். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவனுடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. அவனோடு ஏழெட்டு வருடம் பனம்பழம் சுட்டுத் தின்றிருக்கிறேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊர் போனதும் அப்பத்தாவிடம் கேட்டேன். அவர் நெல்லிக்காயை உப்பில் போட்டுக்கொண்டிருந்தார். "பேரு என்னத்துக்குச் சாமி உனக்கு? கூப்புட்டா வாரானல்லொ" என்றார். கெட்ட மனசுக்காரர் அல்ல. பசி என்று யார் வந்து நின்றாலும் சோறு போட்டவர்தான். எந்தப் பாத்திரத்தில் போட்டார் என்பதை அதுவரை நான் பார்த்திருந்தும் பார்க்கவில்லை.

குழந்தை இலக்கியம் பற்றிய உலகப் பேச்சில் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளரின் பெயர் அடிக்கடி வரும். புத்தகம் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி, சிலருக்குச் சன்னல் என்று 1990இல் அவர் எழுதினார். தன் முகத்தை எந்தப் புத்தகத்திலும் காணாத கறுப்பினப் பிள்ளைகளுக்காக அவர் வைத்த வாதம் அது, நியாயமான வாதம். ஆனால் நிலம் வைத்திருக்கும் சாதியில் பிறந்த ஒரு கொங்குப் பையன் 'கூளமாதாரி'யைப் படிக்கும்போது நடப்பதை இந்த உவமை முழுக்கப் பிடிக்கவில்லை. யாரோ ஒருவனுடைய வாழ்க்கையைச் சன்னல் வழியே பார்க்கிறோம் என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே தெரிந்தது எங்கள் வீட்டுக் கட்டுத்தறை. கதாநாயகனோடு ஒன்றிப்போவதுதான் நாவல் வாசிப்பு என்று நினைத்திருந்தவனுக்கு, கதையில் தான் நிற்கும் இடம் கூளையன் நிற்கும் இடம் இல்லை, ஏணிமேல் உட்கார்ந்திருக்கும் இன்னொருவனின் இடம் என்று புரிந்தது. இதை நல்லொழுக்கப் பாடமாக எந்த வாத்தியாரும் நடத்தியிருக்க முடியாது. நடத்தியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

நாவல் படித்தால் பிறர் துயரம் புரியும் என்பதற்கு விஞ்ஞான ஆதாரம் தேடியவர்கள் உண்டு. 2013இல் டேவிட் கிட், இமானுவேல் கஸ்தானோ இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள்: இலக்கியத் தரமான கதையைச் சிறிது நேரம் படித்தவர்கள், மற்றவரின் மனநிலையை ஊகிக்கும் சோதனையில் கூடுதலாகத் தேறினார்கள் என்று. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. 2016இல் வேறு ஆய்வுக் குழுக்கள் அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அரைமணி வாசிப்பில் மனம் கனிந்துவிடும் என்றால் நம் ஊர்களில் கதை கேட்டு வளராதவர் யார்? எனக்கும் அந்தப் புத்தகம் கருணையைத் தந்துவிடவில்லை. ஒரு கேள்வியைத்தான் தந்தது. கேள்வி கேட்ட பிறகும் அப்பத்தா வீட்டில் பாத்திரம் மாறப் பல வருடம் ஆயிற்று.

'ஏறுவெயில்' வேறுவிதமான நாவல். வீட்டு வசதிக் குடியிருப்புக்காகக் குடும்பத்தின் நிலம் போகிறது, பணம் வருகிறது; வந்த பணம் வீட்டை ஒவ்வொரு செங்கல்லாகப் பிரிக்கிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவன் வளரும் பையன். பதினாறு வயதில் இது எனக்குப் பழங்கதையாகத் தோன்றியது. 2018இல் சேலம் சென்னை எட்டுவழிச் சாலைக்காக, 277 கிலோமீட்டர் நீளத்துக்குத் தென்னந்தோப்பிலும் கிணற்று மேட்டிலும் அளவுக்கல் நட்டபோது, சேலம் பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகளில் அந்த நாவலின் உரையாடல்களைக் காதால் கேட்டேன். நிலம் எடுக்கும் அறிவிக்கையை 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது, 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே அண்ணன் தம்பிகளுக்குள், வராத பணத்துக்காகவே பேச்சு நின்றுபோன குடும்பங்கள் இருந்தன.

'நிழல்முற்றம்' சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்குச் சோடா விற்கும் பையன்களின் கதை. திருச்செங்கோட்டில் கொட்டகைக்குள் சோடாக்கடை வைத்திருந்தவர் எழுத்தாளரின் அப்பா. அந்த நாவலில் பாடம் என்று எதையும் உருவி எடுக்க முடியாது. இளையோர் இலக்கியம் என்ற பெயரில் வரும் பலவற்றைவிட அது நேர்மையாக இருப்பதற்கு அதுவே காரணம் என்பது என் கட்சி.

இனி, விழுந்தவர்களின் கதைக்கு வருகிறேன். நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் பெருமாள்முருகன் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தார். அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகளில் பலர் தம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். லாரிப் பட்டறை, விசைத்தறி, கோழிப்பண்ணை, ரிக் வண்டி வேலைகளுக்கு இடையில் படித்தவர்கள். அவர் வீட்டில் கூடிய 'கூடு' என்ற வாசிப்பு, ஆய்வுச் சந்திப்பில் இவர்கள் கட்டுரை படித்தார்கள், நாவலைப் பற்றிச் சண்டை போட்டார்கள். அந்த வட்டத்தை மையமாகக் கொண்டு 2013இல் காலச்சுவடு வெளியிட்ட தொகுப்பு 'சாதியும் நானும்'. 32 பேர், பெரும்பாலும் இளைஞர்கள், தாங்கள் சாதியை முதன்முதலில் எங்கே எப்படிக் கண்டுகொண்டோம் என்று எழுதிய அனுபவக் கட்டுரைகள். அம்பை மொழிபெயர்த்த ஆங்கிலப் பதிப்பின் தலைப்பே தேங்காய்த் தொட்டியில் ஊற்றிக் கொடுத்த வரக்காப்பியைச் சொல்வது.

நாவல் ஒரு வட்டாரத்து இளைஞனுக்கு என்ன கற்றுத்தந்தது என்பதற்கு நான் அறிந்த நல்ல சான்று இந்தத் தொகுப்புதான். தொட்டியில் காப்பி வாங்கிக் குடித்தவர் வீட்டுப் பிள்ளையும் எழுதினார், ஊற்றிக் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளையும் எழுதினார். நாவலில் கற்ற பாடம் என்று யாரும் தலைப்பிடவில்லை. ஆனால் அன்றாடத்தில் அவமானம் ஒளிந்திருக்கும் சின்ன இடங்களை, குவளையை, திண்ணையை, கூப்பிடும் விளியை, உற்றுப் பார்க்கும் பழக்கம் கதை படித்த கண்ணுக்குத்தான் வாய்க்கும்.

ஒரு முரணையும் இங்கே ஒதுக்கிவைக்க முடியாது. 'கூளமாதாரி'யை எழுதியவர் நிலம் வைத்திருக்கும் சாதியிலிருந்து வந்தவர். கூளையனின் பசியை அவர் பார்த்தார், அனுபவித்தவர் வேறொருவர். பாமாவின் 'கருக்கு' (1992) போல உள்ளிருந்து எழும் குரல் இது அல்ல. 'கூளமாதாரி'யைப் படித்த அருந்ததியர் நண்பர் ஒருவர், "எங்கப்பன் சொன்ன கதையை எதுக்குக் காசு குடுத்துப் படிக்கோணும்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அவரிடம் எனக்குப் பதில் இல்லை. இந்த நாவல் முதலில் யாருக்குத் தேவை என்று அந்தக் கேள்வியே சொல்லிவிட்டது.

எழுத்தாளருக்கு ஊர் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததால் சுருக்கமாக முடிக்கிறேன். 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அவருடைய 'மாதொருபாகன்' நாவல் எரிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் ஆட்சியர் அலுவலகப் பேச்சுவார்த்தைக்குப் பின் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. நடுவில், 2015 ஜூனில், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலிலிருந்து கடத்தப்பட்டு ஓமலூர்க்காரரான பட்டியல் சாதி இளைஞர் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். சாதி தாண்டிய காதலைக் கொல்லும் ஊரைப் பற்றிய பெருமாள்முருகனின் 'பூக்குழி' நாவல் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2013இல் வந்துவிட்டிருந்தது. சிலர் எரித்தது ஒரு புத்தகத்தை. படித்திருக்க வேண்டியது இன்னொன்று.

என் பள்ளியைப் போன்றவற்றுக்கு 'பிராய்லர் பள்ளி' என்ற பெயரை ஊரே வைத்தது. தினமும் முட்டை விலை நிர்ணயமாகும் ஊர் நாமக்கல். உவமைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவற்றை முழுக்கத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. மானாவாரிக் காட்டை நம்பியிருந்த வீடுகளில் முதல் டாக்டர் அங்கிருந்துதான் வந்தார். ஆனால் நான் படித்த காலத்தில் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு வருடமும் ப்ளஸ் டூ பாடத்தையே ஓட்டுவார்கள். அதற்குக் கடிவாளமாகத்தான் 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. ஒரு புத்தகத்தை ஏன், எதற்கு என்று இல்லாமல் படித்துப் பார்க்கும் வயது, இரண்டு ஏற்பாட்டிலும் மாதிரித் தேர்வுக்கே போயிற்று.

இப்போது நிலைமை கொஞ்சம் அசைகிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைக் கதையாக்கி, 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருது பெற்றது. 'ஓங்கில் கூட்டம்' என்ற பெயரில் பதின்பருவத்தினருக்கென்றே சிறு நூல்கள் வருகின்றன. அந்த வரிசையில் வந்த விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு', மாணவர் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றியது. ஒரே மூச்சில் படித்துவிடலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த குழு 2024 ஜூனில் தந்த பரிந்துரைகளில் கயிற்றுக்குத் தடையும் ஒன்று. சட்டத்தால் கயிற்றை அறுக்கலாம். அதை ஏன் கட்டினோம் என்று பையனே யோசிக்கக் கதை வேண்டியிருக்கிறது. ஆனால் 'கயிறு' போன்ற நூல்களிடம் எனக்கு ஒரு சின்னப் பிணக்கும் உண்டு: முடிவில் எல்லோரும் திருந்திவிடும் அவசரம் இந்த வகை எழுத்தில் பொதுவாகவே அதிகம். கூளையனுக்கு அப்படியொரு சலுகை கிடைக்கவில்லை. அதனால்தான் இத்தனை வருடமாக அவன் என்னை விடவில்லை.

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுத என்னிடம் குறைவாகவே இருக்கிறது, அதுவே ஒரு செய்தி. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது சேலத்தில்தான். அந்தத் தொட்டிலில் போடப்பட்ட குழந்தைக்கு நான் விடுதியில் 'கூளமாதாரி' படித்தபோது என் வயது. அவள் பதினாறு வயதில் என்ன நினைத்தாள் என்று சொல்லும் நாவல் என் அலமாரியில் இல்லை. யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள். யாரும் எழுதவில்லையென்றால், சேலத்துப் பெண் ஒருத்தி எழுதக் காத்திருக்கிறேன்.

எங்கள் காட்டில் ஆடு மேய்த்தவன் பெயரை, கேட்டு இரண்டு வருடம் கழித்து அவன் தங்கை சொல்லித் தெரிந்துகொண்டேன். அதற்குள் அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் ஏறி, போர் போட வடக்கே போய்விட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய்க்கவில்லை.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானதை அடுத்து ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. ஒரு வருடம் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதை மறுபடியும் ப்ளஸ் டூ பாடம் விழுங்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. பிள்ளையை விடுதியில் சேர்க்கப்போகும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன்: முறுக்கு டப்பாவுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு நாவலையும் வைத்து அனுப்புங்கள். பெட்டிச் சோதனையில் பிடிபட்டால், எடுத்தவரையே முதலில் படித்துவிட்டுத் தரச் சொல்லுங்கள்.